பாட்டிக்கு ஊசித் தேதி வந்தது, பாட்டிக்குத் தெரியவில்லை

செந்தூல்காரி:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் அடுக்குமாடி ருக்குன் தெத்தாங்காவில் (குடியிருப்பாளர் சங்கத்தில்), "நீதான் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறாயே, சனிக்கிழமை வயசானவர்களுக்கு ரெண்டு மணி நேரம் கைப்பேசி வகுப்பு எடு, மருத்துவ விஷயம் மட்டும்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டேன். (நான் பார்ப்பது கணக்கு வேலை. யார் கேட்கிறார்கள்.) எதைச் சொல்லிக் கொடுப்பது என்று யோசித்தால் 2021இல் எங்கள் வீட்டில் நடந்ததுதான் முதலில் கண்முன் வருகிறது.

அம்மாவுக்கு அப்போது 71. இனிப்பு நீர், இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. பிப்ரவரி 24இல் கோவிட் ஊசி போடத் தொடங்கினார்கள், முதலில் முன்களப் பணியாளர்கள், ஏப்ரலில் இருந்து 60 வயது தாண்டியவர்கள். நான் சமர்த்தாக மார்ச்சிலேயே மலேசிய அரசின் கோவிட் செயலியான மைசெஜாத்ராவில் அம்மாவை அவர் எண்ணிலேயே பதிந்து முடித்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். நடமாட்டக் கட்டுப்பாட்டு நேரத்தில் அம்மா கீழே கடைக்குப் போகவில்லை, டாப்அப் போடவில்லை, சிம் செத்துப்போனது. வீட்டில்தானே எல்லாரும் இருக்கிறோம், அவரை யார் அழைக்கப்போகிறார்கள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். கைப்பேசி சாமி மேடைக்குப் பக்கத்தில் விபூதித் தட்டோடு கிடந்தது. பக்கத்து வீட்டு ஆயா ஊசி போட்டு வந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. போராடிச் செயலிக்குள் நுழைந்து பார்த்தால், தேதி முடிந்து ஒன்பது நாள்.

மறு தேதி வாங்கினோம், போட்டோம், நன்றாக இருக்கிறார். ஆனால் அன்று அம்மா கேட்டது: "என் பேருக்குத்தானே தேதி வந்தது, அப்புறம் என்னிடம் ஏன் யாருமே சொல்லவில்லை?"

வகுப்பில் எதிலிருந்து தொடங்கலாம்? உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கோப்பி_ஓ_கோசோங்:

அக்கா, தப்பாக நினைக்க வேண்டாம், இதெல்லாம் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை. எங்கள் அப்பாவுக்கு 76. கைப்பேசி என்றால் அவருக்குப் பழைய பாட்டும் இறப்புச் செய்தியும்தான். அவரை உட்கார வைத்துச் செயலி, கடவுச்சொல் என்று படுத்துவானேன்? நான் அமுக்கிக் கொடுத்தால் இரண்டு நிமிடம். தவிர, கடை வாசலில் க்யூஆர் ஸ்கேன் 2022 மே 1 முதல் கட்டாயமில்லை என்று அறிவித்ததும் பாதிப் பேர் செயலியையே அழித்துவிட்டார்கள். இப்போது எதற்கு இந்த வகுப்பு?

சிஸ்டர்_பந்தாய்டாலாம்:

தம்பி கோப்பி ஓ, நீ வீட்டில் இருந்தால் இரண்டு நிமிடம். நீ வெளியூர் போனால்?

நான் ஓய்வு பெற்ற தாதி. 2021இல் ஒரு ஊசி மையத்தில் தொண்டூழியம் செய்தேன். பெரியவர்களை முன்னால் உட்கார வைத்துக் கேட்போம்: ஒவ்வாமை உண்டா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறீர்களா. பெரியவர் திரும்பி மகனைப் பார்ப்பார். மகன் கைப்பேசியைப் பார்ப்பார். பதிவு செய்யும்போது அந்தக் கேள்விகளுக்கெல்லாம் வேகமாக "இல்லை, இல்லை, இல்லை" என்று அமுக்கியது அவர்தான். அப்பாவின் மருந்துப் பையை அவர் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரியும். பெரியவருக்கோ எந்த மாத்திரை எந்த நிறம், காலையா இரவா எல்லாம் அத்துப்படி, ஆனால் கேள்வி அவரிடம் போகவே இல்லை. ஒருவரிடம் கைப்பேசி, இன்னொருவரிடம் விவரம். என் முன்னால் இது தினமும் நடந்தது.

இன்னொன்று. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருத்துவத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்று வந்தது. அது கோவிட் வருவதற்கு முன். அதாவது கைப்பேசியே இல்லாவிட்டாலும் மருந்து உறையில் எழுதியிருப்பது பலருக்குக் குழப்பம்தான். அதற்கு மேல்தான் நாம் செயலியைக் கொண்டுவந்து வைத்தோம்.

இதை அளக்க ஈஹீல்ஸ் என்று ஒரு கேள்வித்தாள் உண்டு. கனடாவில் நார்மன், ஸ்கின்னர் என்ற இருவர் 2006இல் செய்தது, எட்டே கேள்வி. இணையத்தில் மருத்துவத் தகவல் எங்கே கிடைக்கும் என்று தெரியுமா, நல்லதையும் கெட்டதையும் பிரிக்க முடியுமா, இப்படிப் போகும். அதில் ஒரு வேடிக்கை. உண்மையில் செய்யத் தெரியுமா என்று அது சோதிப்பதில்லை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்றுதான் கேட்கும். எங்கள் குடும்பக் குழுவில் காலையில் இருந்து இரவு வரை மருத்துவக் குறிப்பு அனுப்பும் மச்சானிடம் கொடுத்தால் எட்டுக்கும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்.

கோப்பி_ஓ_கோசோங்:

ஹாஹா சிஸ்டர், அந்த மச்சான் எல்லா வீட்டிலும் இருக்கிறார். எங்கள் வீட்டில் பெரியப்பா. வெந்நீர் குடித்தால் கிருமி வயிற்றுக்குள் இறங்கிச் செத்துவிடும் என்று அனுப்பினார். நான் சண்டைக்குப் போனேன். அடுத்த நிமிடம் அப்போதைய சுகாதார அமைச்சரே தொலைக்காட்சியில் அதைச் சொல்லும் காணொளியை அனுப்பினார். 2020 மார்ச். அத்தோடு என் வாய் அடைத்தது.

2021 மார்ச்சில் அவசரகாலத்தின் கீழ் பொய்ச் செய்திக்கு எதிராக ஆணை வந்ததே, அதற்குப் பயந்து பெரியப்பா எதையுமே அனுப்புவதில்லை என்று நிறுத்திவிட்டார். சுகாதார அமைச்சின் அறிவிப்பையும் சேர்த்துத்தான்.

தோட்டத்துப்பிள்ளை:

பெயருக்கு ஏற்றபடி தோட்டத்தில் பிறந்தவன். வயது 68. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. இந்தப் பேச்சைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நான்தான் நீங்கள் சொல்லும் "வயசானவர்கள்". வருத்தம் இல்லை, ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு மூளை போய்விடவில்லை.

என் பேத்தி தங்கமான பிள்ளை. "தாத்தா குடுங்க" என்று கையிலிருந்து வாங்குவாள், டக் டக் டக் என்று அமுக்குவாள், "முடிஞ்சது" என்று கொடுப்பாள். என்ன செய்தாள், எங்கே அமுக்கினாள், ஒன்றும் தெரியாது. மறுபடி கேட்டால் "அன்னைக்கே காட்டினேனே" என்பாள். மூன்றாம் தடவை கேட்க எனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் தெரிந்த மாதிரி தலையாட்டிவிடுவேன். இப்படித்தான் தெரியாமலே போகிறது. ஒரே ஒரு தடவை அவள் எனக்குக் காய்ச்சல் வந்த பயத்தில் நேரம் எடுத்துக்கொண்டு ஒரு காரியம் சொல்லிக் கொடுத்தாள். புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் செய்தியின் மேல் இரட்டை அம்பு இருந்தால் அது பல கை மாறி வந்த செய்தி, யார் முதலில் சொன்னது என்று அனுப்பியவனுக்கே தெரியாது என்று. இன்று வரை முதலில் அந்த அம்பைத்தான் பார்க்கிறேன்.

அப்புறம் மொழி. பத்திரிகையில் கோறனி நச்சில் என்று போட்டார்கள். வானொலியில் கொரோனா. கிளினிக்கில் கோவிட். என் வீட்டுக்காரி கொஞ்ச நாள் மூன்றும் வேறு வேறு வியாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கூடல் இடைவெளி என்றால் கூடு, இடைவெளி விடு என்று எதிர் எதிராகச் சொல்கிறார்களே என்றாள். சிரிக்காதீர்கள். நல்ல தமிழ்தான், நானும் ரசிப்பவன்தான், ஆனால் உயிர் போகிற நேரத்தில் "ஒரு கை நீட்டித் தள்ளி நில்" என்று சொன்னால் போதும்.

செந்தூல்காரி:

ஐயா, சிரிக்கவில்லை. "முடிஞ்சது" என்று சொல்லிக் கொடுப்பவள் நான்தான். அப்படியே என் வீட்டைப் பார்த்த மாதிரி இருக்கிறது.

மஸ்ஜிட்_இந்தியா_மணி:

நீங்கள் எல்லாரும் குடும்பத்தோடு இருப்பவர்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். பேத்தியே இல்லாதவர்களைப் பற்றி ஒரு வார்த்தை.

நான் ஊரிலிருந்து வந்து இங்கே உணவகங்களில் பதினைந்து வருடம். 2020 ஏப்ரல் 7, கோலாலம்பூரில் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் என்ற இரண்டு அடுக்குமாடிகளையும் முள்வேலி போட்டு அடைத்தார்கள். உள்ளே என் கூட்டாளிகள், நம் ஊர்ப் பிள்ளைகள். ஒரு அறையில் எத்தனை பேர் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எல்லார் கையிலும் நல்ல கைப்பேசி, நாள் முழுக்க காணொளி அழைப்பு. அவர்களுக்குக் கைப்பேசி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்குச் சேதி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஊரிலிருந்து. சொந்தக் கட்டடத்தில் யாருக்கு எப்போது பரிசோதனை என்பதைவிட, அங்கே மாவட்டத்தில் எத்தனை பேருக்கு வந்தது, எந்தக் கஷாயம் குடிக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முதலில் தெரிந்தது. இங்கே அறிவிப்பு மலாயில். இவன் மலாய் பேசுவான், ஆர்டர் எடுப்பான், படிக்க வராது.

மே 1ஆம் தேதி அந்தப் பகுதியில் குடிநுழைவுத் துறை சோதனை, நூற்றுக்கணக்கான பேரைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு செயலியில் கடப்பிதழ் எண்ணைப் போடு என்றால் எவன் போடுவான்? பத்திரம் சரியாக இருப்பவனே தயங்கினான். அது தெரியாத்தனம் இல்லை. நன்றாகத் தெரிந்ததால் வந்த பயம்.

பிறகு 2021 ஆகஸ்ட்டில், பதிவில்லாமல் நேரே வந்து ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் திறந்தார்கள். முதலில் ஒருத்தன் போனான், போட்டான், யாரும் பிடிக்கவில்லை. வெளியே வந்து குரல் பதிவு அனுப்பினான், அரை நிமிடம் கூட இருக்காது. "நான் போட்டுட்டேன், ஒண்ணும் கேக்கல, ஐசி (அடையாள அட்டை) இல்லாதவனும் வரலாம், தண்ணி எடுத்துட்டு வாங்க, வெயிலு." அவ்வளவுதான். மறுநாள் எங்கள் அறையே கிளம்பியது. புக்கிட் ஜாலில் அரங்கத்தில் கூட்டம் தாங்காமல் போன படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

க்யூஆர்_மச்சான்:

மணி அண்ணே சொன்னதை ஒட்டி. நான் மென்பொருள் ஆள், பினாங்கில் வேலை. எங்கள் துறை ஆட்கள் எப்போதும் "பயனருக்குக் கற்றுக்கொடுப்போம்" என்பார்கள். ஆனால் சில இடங்களில் கற்றுக்கொடுத்தும் பயனில்லை. 2021 மே 2 ஞாபகம் இருக்கிறதா? அஸ்ட்ராசெனகா, விரும்பியவர்கள் இணையத்தில் பதியலாம், கோலாலம்பூர் சிலாங்கூருக்கு 268,600 ஊசி. முந்துபவர்களுக்கு முதல் இடம். சில மணி நேரத்தில் தீர்ந்தது. நான்கு ஜன்னல் திறந்து வைத்து, பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்த என் நண்பர்களுக்குக் கிடைத்தது. ப்ரீபெய்ட் டேட்டா வைத்திருக்கும் ஒரு தோட்டத்து மாமா எவ்வளவு கற்றிருந்தாலும் அந்த ஓட்டத்தில் ஓட முடியுமா? பந்தயமாக வைத்துவிட்டு, தோற்றவனுக்கு அறிவு போதவில்லை என்றால் எப்படி?

சரி, வகுப்புக்கு வருகிறேன். செந்தூல் அக்கா, கைப்பேசியின் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு ஆரம்பியுங்கள், பாதிப் பிரச்சினை கண்ணாடிப் பிரச்சினை. ஆண்ட்ராய்டில் மொழியையே தமிழுக்கு மாற்றலாம், ஆனால் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். எங்கள் அத்தைக்கு மாற்றிக் கொடுத்தேன், "அமைப்புகள்" என்பதைப் பார்த்து எந்த அமைப்பு, சங்கமா என்று கேட்டார். அவருக்குப் பழகியது "செட்டிங்". தவிர, மைசெஜாத்ராவில் பெற்றோரை உங்கள் கணக்கில் சார்ந்திருப்பவராகச் சேர்க்கும் வசதி உண்டு, சேருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள்.

ஏமாற்று இணைப்பு கட்டாயம் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் பந்துவான் பிரிஹாதின் என்ற அரசு உதவிப் பணம் கொடுத்தபோது "இங்கே அமுக்கினால் உங்கள் பெயர் இருக்கிறதா பார்க்கலாம்" என்று எத்தனை போலிச் செய்தி! அரசாங்கப் பக்கம் என்றால் முகவரி "கவ் டாட் எம்ஒய்" (gov.my) என்று முடியும், அதற்குப் பிறகு சாய்கோடு வரலாம், வேறு பெயர் வரக்கூடாது. இதை மட்டும் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டச் சொல்லுங்கள். சந்தேகச் செய்தியைச் சரிபார்க்க 2017 முதல் செபெனார்ஞா தளம் இருக்கிறது. மலாய் படிப்பவர்களுக்கு அது போதும்.

தோட்டத்துப்பிள்ளை:

படிக்காதவர்களுக்கு?

க்யூஆர்_மச்சான்:

அதுதான் ஐயா ஓட்டை. எனக்கும் பதில் இல்லை. மின்னல் எஃப்எம் மாதிரி தமிழ் வானொலிதான் அந்த வேலையைச் செய்தது.

பிரிக்பீல்ட்ஸ்_வெள்ளைக்கோல்:

எனக்குப் பார்வை இல்லை. இந்த இழையைக் கைப்பேசி எனக்குப் படித்துக் காட்டுகிறது, உங்களில் பலரைவிட வேகமாகக் கேட்பேன். "பலவீனமான பிரிவினர்" பட்டியலில் என்னையும் சேர்ப்பார்கள், அதனால் சொல்கிறேன். செயலி எனக்குப் பிரச்சினை இல்லை. கடை வாசலில் அந்த க்யூஆர் தாளை எந்தச் சுவரில், எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை. ஒரு கடையில் தடவிப் பார்த்து நான் ஸ்கேன் செய்ய முயன்றது தீயணைப்புக் கருவியின் லேபிள். கடைக்காரர் கடைசியில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டார். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் தூக்கிவிடாதீர்கள்.

சிஸ்டர்_பந்தாய்டாலாம்:

வெள்ளைக்கோல் தம்பி, அருமை.

செந்தூல், ஒரு சின்ன விஷயம், ஆனால் மறக்காதே. ஆக்ஸிமீட்டர். விரலில் மாட்டும் கருவி. வீட்டுத் தனிமையில் இருந்தவர்கள் தினமும் செயலியில் உடல்நிலை பதிய வேண்டி இருந்ததால் நிறையப் பேர் வாங்கினார்கள். ஒரு நாள் பதறிப்போய் ஒரு பெண் எனக்கு அழைத்தார், அப்பாவுக்கு 86 காட்டுகிறது, ஆனால் மனுஷன் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார் என்று. அவர் எதிரில் உட்கார்ந்து எண்ணைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். 98ஐத் திருப்பினால் 86. இது சிரித்துவிட்டுப் போகிற கதைதான். ஆனால் இதையே மறுபக்கம் வைத்துப் பார், உண்மையிலேயே 86 இருக்கிறவரை 98 என்று படித்து நிம்மதியாகத் தூங்கவிட்டால்? விரல் சில்லென்று இருந்தாலும், நகத்தில் சாயம் இருந்தாலும் எண் தப்பாக வரலாம். 95க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது. கருவியைக் கையில் கொடுத்து, அவரவர் விரலில் மாட்டி, அவரவர் வாயால் எண்ணைப் படிக்கச் சொல்.

கோப்பி_ஓ_கோசோங்:

சிஸ்டர், எங்கள் வீட்டுக் கருவியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். எது மேல் பக்கம் என்று எனக்கே இரண்டு நிமிடம் ஆனது.

கஷாயம் பற்றி யாரும் பேசவில்லையே? கபசுரக் குடிநீர் குடிக்காதே என்று சொன்னால் எங்கள் அப்பா ஊசியையும் சேர்த்து வேண்டாம் என்பார்.

சிஸ்டர்_பந்தாய்டாலாம்:

நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. "ஐயா, ரசம் குடிங்க, ஆவி பிடிக்கிறதா இருந்தா கொதிநீர் மேல கொட்டிக்காம பிடிங்க, ஆனா இனிப்பு நீர் மாத்திரைய நிறுத்தாதீங்க, ஊசியும் போட்டுக்குங்க" என்பேன். ரசத்தோடு சண்டை போட்டு ஜெயித்த தாதியை நான் பார்த்ததில்லை.

செந்தூல்காரி:

முடிந்தது. வகுப்பைத்தான் சொல்கிறேன்.

எழுதி வைத்திருந்த பாடத்தைத் தூக்கிப் போட்டேன். பதினான்கு பேர் வந்தார்கள், இரண்டு பேர் பேரப்பிள்ளையோடு, பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டேன். ஒரே விதி: யார் கைப்பேசியையும் யாரும் வாங்கக் கூடாது, நானும் சேர்த்து. விரலால் காட்டலாம், அமுக்கக் கூடாது. என் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது, உண்மையைச் சொல்கிறேன், ஒரு பாட்டி ஒரே பொத்தானைத் தேடி ஆறு நிமிடம் எடுத்தபோது எனக்கு வேர்த்துவிட்டது. அவர் கண்டுபிடித்தார்.

முதல் ஒரு மணி நேரம் மருத்துவமே பேசவில்லை. "உங்கள் நம்பர் என்ன" என்று கேட்டேன். ஐந்து பேருக்குத் தெரியவில்லை. மூன்று பேருடைய சிம் உயிரோடு இல்லை. ஒருவர் கைப்பேசியில் இடமே இல்லை, முழுக்க காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூவும் முருகனும். அழிக்கலாமா என்றால் முருகனை எப்படி அழிப்பது என்றார். ரோஜாப்பூவை அழித்தோம்.

அப்புறம் கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார நிலையம்) கொடுத்த அடுத்த தேதியை அவரவரே தேடி எடுத்தார்கள். சிலருக்குச் செயலியில் இருந்தது, சிலருக்குக் கிளினிக் புத்தகத்தில்தான் இருந்தது, எதில் இருந்தாலும் அவர்களே படித்துச் சொன்னார்கள். என் அம்மா தன்னுடையதைப் படித்துவிட்டு, "அன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கே" என்றார். ஆக்ஸிமீட்டர் ஒன்றுதான் இருந்தது, வரிசையில் நின்று மாட்டிப் பார்த்தார்கள், அது திருவிழா மாதிரி ஆகிவிட்டது. இரட்டை அம்புக்கு நேரம் போதவில்லை.

கோப்பி ஓ, உன் அப்பாவையும் அழைத்து வா, நீ வெளியே உட்கார். சிஸ்டர், உங்களிடம் இன்னொரு ஆக்ஸிமீட்டர் இருந்தால் கடன் கொடுங்கள். தோட்டத்துப்பிள்ளை ஐயா, அடுத்த மாதம் இரட்டை அம்பு பாடத்தை நீங்கள் எடுக்கிறீர்களா? நான் சொன்னால் "இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்கிறார்கள்.

தோட்டத்துப்பிள்ளை:

வருகிறேன் அம்மா. காலையில் வை. இரவில் எனக்குக் கண் சரியாகத் தெரியாது.